பன்னிரண்டு கையெழுத்து

செம்பூரில் எங்கள் சொசைட்டிக் கட்டிடத்தின் முற்றத்தில், ஞாயிறு நாலு மணி வெயிலில், விரித்த ஜமுக்காளத்தின் மேல் செக்ரட்டரி தனசீலன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி விரிசல் விட்டு, வீட்டுக் குழாய்கள் காய்ந்து பத்து நாளாகிறது; முற்றத்துக் குழாயில் எப்போதாவது வருவதுதான் தண்ணீர். தொட்டியைச் சரிசெய்யத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் போடப் பன்னிரண்டு உறுப்பினர்களாவது வந்து கையெழுத்திட வேண்டும். '1964 மே' என்று தலைப்பிட்ட மினிட் புத்தகத்தில் அவருடைய கையெழுத்து மட்டும் இருக்கிறது. உறுப்பினர்கள் நாங்கள் எல்லாரும் அவரவர் பால்கனியில்தான் நிற்கிறோம். "தொட்டிய எப்பம்வே சரிபண்ணப் போறீரு?" என்று இரண்டாம் மாடியிலிருந்து கேட்கிறார் பிரம்மநாயகம். "கீழ வந்து கையெழுத்துப் போடும். நாளைக்கே ஆள் வரும்." "அதான் இங்கன இருந்தே சம்மதம்னு சொல்லுதம்லா." தனசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார். அரை மணி கழிகிறது. விதிப்படி, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதிப் பேனாவை மூடுகிறார். அப்போது முற்றத்துக் குழாய் காற்றாய்ச் சீறிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறது. மாடிப்படி அதிர, பதினெட்டு வீடும் வாளியோடு இறங்குகிறோம். தனசீலன் எழுதியதை அவசரமாக அடித்துவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் முதல் ஆளிடம் ஓடுகிறார். "கையில வாளி இருக்குல்லா," என்கிறார் பிரம்மநாயகம், ஜமுக்காளத்தின் மேல் நின்றுகொண்டு.