பேசிக்கொண்டே பத்து அடி

அப்பாவின் கால் தரையைத் தொட்டதும் நான் பிரஷர் மெஷினைப் பார்த்தேன். நூற்றி இருபத்தாறு.

நோட்டில் எழுதினேன். நேற்றுக் காலை நூற்றிப் பத்து. நேற்று மாலை நூற்றிப் பதினெட்டு. ஏறிக்கொண்டே போகிறது.

நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று மறுபடி பார்த்தேன். அதே எண்.

ஒரு வாரத்துக்கு முன், கடலில் வலை இழுக்கும்போது, அப்பாவுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். நேற்று சொட்டு மருந்தை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். படுத்தே கிடந்தால் உடம்பு விட்டுப்போகுமாம். இன்று பத்து அடி நடக்க வேண்டும்.

நூற்றி முப்பதைத் தாண்டினால் உடனே உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் கிழிசல் நீளும்.

பிசியோ ஜெபிஷ் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வள்ளம் தள்ளுற மாதிரி தம் பிடிக்கப்பிடாது அண்ணே. பேசிக்கிட்டே நடங்க. என்னை ஏசணும்னாலும் ஏசிக்கிட்டே நடங்க."

ஓரடி. இரண்டடி.

நடக்க வைப்பதுதான் தப்பு என்று தோன்றியது. நிறுத்தச் சொல்லலாமா? மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற எனக்கு இதில் என்ன தெரியும்?

ஐந்தாவது அடியில் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, உனக்க ரிசல்ட் வந்துதா?"

அவர் கையிலிருந்த பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்றி முப்பத்திரண்டு.

"பாஸ், அப்பா."

ஜெபிஷ் நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்தார். சிரித்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்பை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

உள்ளே மூன்று மாத்திரைகள்.

நேற்றுக் காலை, நேற்று இரவு, இன்று காலை. நானே கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, நோட்டில் டிக் போட்டவை.

"நீ பாஸாகுற வரைக்கும் பிரஷர் மாத்திரை தொடமாட்டேன்னு அந்தோணியாருக்கு நேர்ச்சை. ரெண்டு மாசமாச்சு. பீடிய விட்டாச்சு, குடிய விட்டாச்சு. எனக்கு விடுகதுக்கு வேற என்ன இருக்கு?"

ஜெபிஷ் நர்சைக் கூப்பிட ஓடினார்.

"இனி முழுங்கலாம் மக்கா. சர்டிபிகேட் வந்ததும் அந்தோணியார் குருசடிக்குக் கொண்டு போணும், என்ன?"

சரி என்றேன்.

நேற்று மாலை வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை மூன்று தடவை படித்தேன். என் நம்பர் அதில் இல்லை.

அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கிறது.