அவர் பாடாத பாட்டு

“அப்பா, அங்க போனா என் கையை யாரு பிடிச்சுக்குவாங்க?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாத்தியாரின் மகள் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. அதையொட்டி அவர் எழுதிய பாட்டைத்தான் இருபது வருடமாகத் தேவாலயத்தின் எல்லா அடக்க ஆராதனைகளிலும் பாடுகிறார்கள். அவர் மட்டும் வாய் திறந்ததில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று சபையே உச்சுக்கொட்டும்.

இன்று பெட்டியில் கிடந்தவள் அதே ஆஸ்பத்திரியில் தரை துடைத்த கிழவி. உறவென்று ஒருவரும் வரவில்லை.

“பாட்டு வேண்டாமா?” என்றார் வாத்தியார்.

“கேக்க யாரு சார் இருக்கா? சுவத்துக்கா பாடறது?” ஆர்கன் வாசிப்பவர் மூடியைச் சாத்தினார். “பெட்டி தூக்கறவங்க வர அரை மணி ஆகும். இருக்கீங்களா?”

“இருக்கேன். நீங்க போங்க.”

தனியானதும் வாத்தியார் பெட்டியருகே மண்டியிட்டார். அன்று மகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவர் வெளியே ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது, வாளியைக் கீழே வைத்துவிட்டு இவள்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆண்டவர் உனக்கு முன்னாலயே போய்க் கையை நீட்டிக்கிட்டு நிக்கறாரு, கண்ணு” என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதுதான் பாட்டின் முதல் வரி. இரவல் விசுவாசத்தைத் தன் வாயால் பாட அவருக்கு இத்தனை நாளும் கூசியது.

குளிர்ந்துபோன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசிச் சரணம்வரை வாத்தியார் வாய்விட்டுப் பாடினார்.