நாலு வருஷ வயலின்

"இசையைக் காசை வெச்சு அளக்காதீங்க!" என்று மேசையைத் தட்டினார் மெத்தைக்கடைக்காரர். மெத்தை வாங்க வருபவருக்கு ஒரு தலையணை உறைகூட இனாமாகக் கொடுத்தறியாத மனிதர், பக்கத்து வீட்டுப் பெண்ணின் படிப்புக்காக அவள் அப்பாவிடம் வந்து வாதாடிக்கொண்டிருந்தார்.

எதிரே சாவிக்கடைக்காரர், பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் கதவோரம் நின்று, இசைக் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"உங்களுக்கென்னண்ணே, சுலபமா சொல்லிடுவீங்க. நாலு வருஷத்துக்கு ஃபீஸ் நாலு லட்சம். ஹாஸ்டல் மூணு. ஆக மொத்தம் ஏழு. முடிச்சிட்டு வந்து மேடையில வாசிச்சா ஒரு தடவைக்கு ரெண்டாயிரம் தருவாங்க. மாசத்துல நாலு தடவை கூப்பிட்டா அதிசயம். போட்ட முதல் கைக்கு வரவே ஏழு வருஷத்துக்கு மேல ஆகுது!"

"வரவுல பாதியை விட்டுட்டீங்களே! ஸ்கூல்ல பாட்டு டீச்சரா போனா மாசச் சம்பளம். சாயங்காலம் வீட்ல பத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா அது தனி."

"அந்தப் பத்துப் பிள்ளைங்களோட அப்பாக்களும் என்னை மாதிரியே கணக்குப் போட்டா?"

மகளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, நீங்க சாவி போடக் கத்துக்கிட்டப்போ இப்படிக் கணக்குப் பார்த்தீங்களா?"

"பார்க்கல. அதனாலதான் இன்னும் சாவி போட்டுக்கிட்டு இருக்கேன்."

மெத்தைக்கடைக்காரர் கடிதத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நேர்ல வாசிச்சுக் காட்டின தேர்வுல பாப்பாதான் முதலிடம்னு போட்டிருக்கு! வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்னும் போட்டிருக்கு."

"போகட்டும்ணே. ஃபீஸுக்குத்தான் நான் சேர்த்து வெச்சிருக்கேன். ஹாஸ்டலுக்கு வழியில்ல. தெருமுனை காலேஜ்ல வேற ஏதாவது படிக்கட்டும். நடந்தே போயிட்டு வரலாம். வயலினை எதுக்கு விடணும்? காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம், இங்கேயே வாசிக்கட்டும்."

மெத்தைக்கடைக்காரரின் முகம் வெளுத்தது. "ஹாஸ்டல் செலவுல பாதி நான் தர்றேன்."

"கடன் மட்டும் வேண்டாம்ணே."

"கடன் இல்லய்யா, அன்பளிப்பு!"

"மீதிப் பாதிக்கு நான் எங்க போவேன்? விடுங்க, பொண்ணு வீட்லயே இருக்கட்டும்."

"முழுசா தர்றேன். மூணு லட்சமும்!"

மகள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"அழாத பாப்பா," என்றார் மெத்தைக்கடைக்காரர். "ஒரே ஒரு நிபந்தனை. லீவுக்கு வர்றப்போ வயலினை ஹாஸ்டல்லயே வெச்சிட்டு வரணும். வழியில உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா?"

செக் புத்தகம் எடுக்கத் தன் வீட்டுக்குள் நுழைந்தவரை, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி மறித்தாள்.

"மூணு லட்சமா? எப்பலேர்ந்து நீங்க வள்ளல் ஆனீங்க?"

"வள்ளலாவது ஒண்ணாவது! ஆறு மாசமா அந்தப் பொண்ணு விடியறதுக்குள்ள ஆரம்பிச்சுடுது. ஸ ரி க ம ப த நி வரைக்கும் வந்து நிறுத்திடுது. மேல் ஸ வரவே மாட்டேங்குது! இப்ப வரும், இப்ப வரும்னு படுத்துக் கெடந்தே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிப்போச்சு."

"அதுக்காக மூணு லட்சமா?"

"மெத்தை விக்கிறவன் கல்லாவுல உக்காந்து தூங்கி வழியறேன். வர்றவன், 'உனக்கே தூக்கத்தைத் தராத மெத்தை எனக்கெதுக்கு'ன்னு கேட்டுட்டுப் போறான். வீட்டை வித்துட்டு வேற வாங்கினா அஞ்சு லட்சம் நட்டம். மூணுல முடியுதுன்னா லாபம்தானே?"

மனைவி மனக்கணக்குப் போட்டுப் பார்த்து வழிவிட்டாள். ஆனாலும் ஒரு சந்தேகம் அவளை அரித்தது. "இந்த லட்சணத்துல வாசிக்கிறவளுக்கா முதலிடம் கொடுத்தாங்க? அந்தக் காலேஜ்ல எல்லாருக்கும் காது அடைச்சுப்போச்சா?"

"அவங்க காது எக்கேடும் கெடட்டும். எனக்கு என் காது முக்கியம்."

பத்தே நிமிடத்தில் ஹாஸ்டல் பெயருக்கே செக் எழுதிக் கொடுத்தார். நாலு வருஷத்துக்கும் மொத்தமாகக் கட்டுவதால் தள்ளுபடி உண்டா என்று மறக்காமல் கேட்கச் சொன்னார். "கலை வாழணும்" என்று சாவிக்கடைக்காரர் மகளின் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டு, புது மாப்பிள்ளை போல நடந்து போனார்.

சாவிக்கடைக்காரர் கதவைச் சாத்தித் தாழ்போட்டார். செக்கில் கையெழுத்து, தேதி, எழுத்தால் எழுதிய தொகை எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் வயலினை எடுத்து மோவாயில் அணைத்து, கண்ணை மூடி வில்லை உயர்த்தினாள்.

ஒரே பாய்ச்சலில் வந்து அவள் கையைப் பிடித்தார் சாவிக்கடைக்காரர்.

"செக் பாஸ் ஆகற வரைக்கும் தப்பாவே வாசிம்மா!"