வண்டி இன்றைக்குக் கிளம்பாது

"காலம் பூரா வண்டி ஓட்டினவர்தானே மாமா நீங்க? மேல் நட் திறக்குதான்னு பாக்காம கீழ் நட்டைக் கழட்டலாமா?"

மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

பிக்கப்புக்கு அடியிலிருந்து மாமனாரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து பழைய ஆயில் முழுக்கத் தட்டில் இறங்கிவிட்டது, கன்னங்கரேலென்று, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு. புது ஆயில் ஊற்ற வேண்டிய மேல் நட்டுதான் அசைய மாட்டேன் என்கிறதாம்.

"ஆயில் இல்லாம எடுத்தா உள்ள பல்சக்கரமெல்லாம் தூளாயிடும். கிளம்புற நேரத்துல உங்களை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

"தூரம் போற வண்டியாச்சேன்னு பாத்தேன் மாப்பிள்ளை..." கால்கள் இருந்த இடத்திலிருந்து குரல் மெலிதாக வந்தது.

வண்டியின் மேல் ஒரு பெண் வளர்ந்த காலம் முழுக்க ஏறியிருந்தது. படித்த மேசை, அலமாரி, பெட்டி பெட்டியாய்ப் புத்தகம்.

காலையில் வந்து இறங்கிய மகள், தன் அறையில் அம்மா தையல் மெஷினைப் போட்டிருப்பதைப் பார்த்தாள்.

"இங்க எனக்கு இடமில்லைன்னு சொல்லாம சொல்றியா?"

"எப்பவோ ஒரு நாள் எட்டிப் பாக்கறவளுக்குத் தனி ரூம் ஒரு கேடா?"

"இனிமே அந்த ஒரு நாளும் கிடையாது."

அவ்வளவுதான். சாமான்கள் ஏறின. மகள் முன் சீட்டில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். சமையலறையில் பாத்திரங்கள் அடி வாங்கிக்கொண்டிருந்தன.

"மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். இப்ப என்ன பண்றது? வயசாச்சுன்னா ஒரு ஓரமா உக்காந்திருக்கணும்!" என்றான் மாப்பிள்ளை.

வண்டிக் கதவு படாரென்று திறந்தது.

"யாரை ஓரமா உக்காரச் சொல்றீங்க?"

பாத்திரச் சத்தம் நின்றது. கையில் கரண்டியோடு அம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, உங்க வண்டிக்காகத்தானே அவர் மண்ணுல கிடக்கறார்?"

"நல்லா கேளும்மா! ஒரு டயர் மாத்த இவருக்கு அரை நாள் வேணும். எங்கப்பாவைச் சொல்ல வந்துட்டார்."

"இதெல்லாம் நீ சொன்னதே இல்லையேடி?"

"என்னத்தைச் சொல்ல? வண்டி ஓடுதோ இல்லையோ, வாய் நல்லா ஓடும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"புஸ்தகமெல்லாம் நனையப்போகுது, இறக்குடி முதல்ல."

மேசையின் ஒரு முனையை அம்மா பிடித்தாள், மறுமுனையை மகள்.

"எங்கம்மா போட?"

"உன் ரூம்லதான். மெஷினைக் கூடத்துக்குத் தள்ளிடறேன்."

"வேண்டாம்மா, அங்கதான் உனக்கு வெளிச்சம். மேசை இந்தப் பக்கம் இருந்துட்டுப் போகட்டும்."

பேச்சு வீட்டுக்குள் போய்விட்டது. போன பிறகும் நிற்கவில்லை.

மாப்பிள்ளை குனிந்து, தவழ்ந்து, வண்டிக்கு அடியில் மாமனாருக்குப் பக்கத்தில் படுத்தான்.

"மாமா, அந்த 'ஓரமா உக்காரணும்' நாம பேசி வச்சதுல இல்ல. வேகத்துல வந்துடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"அதைக் கேட்டுத்தானே அவ இறங்கினா!"

மாமனார் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேல் நட்டை இரண்டு விரலால் சுற்றிக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு கிசுகிசுத்தார்:

"சாப்பிட உக்காரும்போதும் என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுங்க மாப்பிள்ளை."