ஆறு நீலப் பொத்தான்கள்

“பணம் கட்டினவங்க பேரு, போன் நம்பர், எல்லாம் ஸ்கிரீன்ல வந்துடும் சார். ஆளோட ஜாதகமே உங்க கையில இருக்கும்,” என்றார் டை கட்டியவர்.

பொத்தான் கடைக்காரர் தலையை ஆட்டினார். புரிந்ததற்காக ஆட்டினாரா, கழுத்து வலிக்கு ஆட்டினாரா என்று சொல்ல முடியாத ஆட்டல். மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுகிறார்.

அவர் மனைவி கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அடுக்கியிருந்த பொத்தான் அட்டைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

கடைக்கு இணையத்திலும் வியாபாரம் உண்டு. அங்கே கட்டப்படும் பணத்தை வாங்கிக் கடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்த கம்பெனி, மாதக் கடைசியோடு மூடுகிறது. புதிதாக ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

நேற்று ஒரு கம்பெனிக்காரர் வந்து காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். நூற்றுக்கு இரண்டரை பிடிப்பார்கள். பணம் வந்து சேர மூன்று நாள். பழைய கம்பெனியைப் போலவே யார் கட்டினார்கள் என்று காட்டாது, ஆர்டர் எண் மட்டும்தான்.

இன்று வந்திருக்கும் டை கட்டியவரின் கம்பெனிக்கு நூற்றுக்கு இரண்டுதான். பணம் மறுநாளே வந்துவிடும். பெயரும் காட்டும்.

காட்டியே விட்டார். தன் போனிலிருந்து சில்லறையாக ஏதோ அனுப்பினார். ஸ்கிரீனில் அவருடைய முழுப்பெயர் அப்பா பெயரோடு சேர்ந்து வந்து நின்றது.

நூல்கண்டு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனிதரிடம், கூடக் கொடுத்து மெதுவாக வாங்குவோம் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லித்தான் ஆக வேண்டும். பெயர் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும்.

மகள் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம். போகச் சொன்னது அவர்தான், கோபத்தில், ஒரே ஒரு வாக்கியம். மகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு போன் இல்லை, தகவல் இல்லை.

முதல் வருடம் முழுக்க அவர் கோபமாக இருந்தார். பிறகு கோபமும் போய்விட்டது. அந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. காலையில் கட்டில் ஓரத்தில் உட்காருவார். மத்தியானம் போய்ப் பார்த்தாலும் அங்கேயே இருப்பார்.

கடையை மனைவி ஒருத்திதான் திறந்தாள், மூடினாள். அந்தச் சமயத்தில்தான் புது அலமாரி வந்தது. டிராயர் எண்களெல்லாம் மாறின. மகள் சின்ன வயதில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்த நீலப் பொத்தான் டிராயர், பத்தொன்பதிலிருந்து நாற்பத்தேழானது. புது எண்களை மனப்பாடம் செய்ய அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அழுகை வரவில்லை. அழ நேரமிருந்தது, வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் தன் போனிலிருந்தே தன் கடைக்கு ஓர் ஆர்டர் போட்டாள்.

ஆறு நீலப் பொத்தான். பெயர் கேட்ட இடத்தில் ஒரு புள்ளி. விலாசம், வெளியூரில் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத் தோழியின் அலுவலகம். நீலத்தில் பதினோரு விதம் இருப்பதால் குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘47’ என்று போட்டாள். இந்தக் கடையில் யாரும் நிறத்தைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்வார்கள். பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது.

ஆர்டர் சீட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் முகச்சவரம் செய்திருந்தார்.

அன்றிலிருந்து மாதம் ஒன்று. அவரே எண்ணுவார். ஆறோடு இன்னொன்று கூடப் போடுவார். தாளில் மடித்து, நூல் சுற்றி, தபாலாபீசுக்கு அவரே கொண்டுபோவார். யார் அனுப்பச் சொன்னது என்று கேட்டதில்லை. அவளும் வாய் திறந்ததில்லை.

பத்து மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறாள். பொய்தான். ஆனால் ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்பிய பொய்.

“என்னங்க, நேத்து வந்தவரே கொஞ்சம்…” என்று ஆரம்பித்தாள்.

கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. பெயர் காட்டாமல் இருக்க வழியுண்டா என்று டை கட்டியவரிடம் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அந்த மனிதர் தன் வேலையில் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அதற்காகத்தானே எல்லாரும் எங்களிடம் வருகிறார்கள் என்றார்.

“அப்ப நமக்கு வேண்டாம்.”

வந்தவர் இன்னும் கால் சதவீதம் குறைத்துப் பார்த்தார். கடைக்காரரின் தலை இந்த முறை ஆடவே இல்லை. பை மூடப்பட்டது. கதவு திறந்து மூடியது.

அவளுக்கு மூச்சு வந்தது. பாவம், பெயரைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று நினைத்தாள். அனுப்பச் சொல்வது மகள் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவர்மேல் இரக்கம் வந்தது. இத்தனை நாள் கழித்து ஏதோ ஒன்று வந்ததே என்றிருந்தது.

அவர் நேற்றைய காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே, மெதுவாகச் சொன்னார்.

“அடுத்த மாசம் பத்தொன்பதுன்னு எழுது. அவளுக்குப் பழைய நம்பர்தானே தெரியும்.”