மூன்றரை மணி பின்னால்

படகுத்துறை டிக்கெட் அறைக் கம்ப்யூட்டரில் மணி தப்பு. ஒரு மாதத்தில் இது மூன்றாவது புகார். கிளாரன்வில் நகரிலிருந்து கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கோடித் தீவுக்கு வண்டியும் படகுமாக வந்து சேர்ந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் டெர்மட்டுக்குக் கடுகடுப்பு.

முதல் தடவை நேரத்தைத் திருத்தினான். அடுத்த தடவை உள்ளே இருக்கும் பேட்டரியையே மாற்றினான். இன்றைக்கும் அதே மூன்றரை மணி நேரம் பின்னால். காலைப் படகு டிக்கெட்டில் விடியற்கால நேரம் அச்சாகி, ஊரே சிரித்தது. மேலிடம் சிரிக்கவில்லை. காரணத்தை எழுதிக் கொடு, ஆள் தப்பு என்றால் ஆளை மாற்றிவிடுகிறோம் என்றது.

கம்ப்யூட்டரில் என்ன மாற்றம் எப்போது நடந்தது என்று காட்டும், இதுவரை பார்க்காத பதிவை டெர்மட் திறந்தான். இரவில் தானாகச் சரியாகும் நேரத்தை, தினமும் காலை எட்டு மணிக்கு யாரோ கையால் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அந்த அறையில் யாரோ என்று சொல்ல, டிக்கெட் கொடுக்கும் பிலோமினா ஒருத்திதான் உண்டு.

"நீங்கதானா?"

ஐம்பது வயது பிலோமினா மறுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் கிளெம் மேற்கே ஆல்பர்ட்டா போய் அஞ்சு வருஷம் ஆச்சு, ராசா. எண்ணெய் வயல்ல வேலை. நம்மளைவிட அங்க மூன்றரை மணி நேரம் பின்னால."

"மனசுலயே கழிச்சுப் பார்த்துக்க வேண்டியதுதானே?"

"கணக்குத் தெரியாமலா டிக்கெட் விக்கிறேன்? கழிச்சா வெறும் நம்பர்தான் வருது. இதுல பார்த்தா, இப்ப எழுந்திருக்கிறாரு, இப்ப பூட்ஸ் மாட்டுறாருன்னு தோணும். பக்கத்துல இருக்கிற மாதிரி."

டெர்மட் முகம் இளகவில்லை. கடிகாரம் என்றால் இருக்கிற ஊரின் நேரத்தைத்தான் காட்ட வேண்டும், அவரவர் ஆசைக்கு ஓடக் கூடாது என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தான். நேரத்தைத் திருத்தினான். பிறகு என்ன நினைத்தானோ, திரை மூலையைத் தொட்டால் இன்னொரு கடிகாரமும் தெரியும்படி வைத்து, அதற்கு கிளெம் என்று பெயரும் போட்டான்.

அறிக்கையில், 'மதர்போர்டு பழுது, சரி செய்யப்பட்டது' என்று எழுதினான். பிலோமினா நன்றி சொல்வதற்குள் அவன் போய்விட்டான்.

மேசையில் அவன் ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. எடுத்துக்கொண்டு, படகில் ஏறக் காத்திருந்த வண்டி வரிசைக்கு ஓடினாள். குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்த டெர்மட், வண்டிக் கண்ணாடியை இறக்கினான்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் மணி பன்னிரண்டு. பிலோமினா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை.

"உன் வண்டியிலயும் மணி தப்பா இருக்கே, ராசா."

டெர்மட் அவளைப் பார்க்கவில்லை. வந்துகொண்டிருந்த படகைப் பார்த்தான்.

"பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவ அம்மாகூட அதே ஆல்பர்ட்டாவுல இருக்கா. இப்ப ஸ்கூல்ல சாப்பாட்டுக்கு விடுவாங்க."

ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டான்.

"இந்த வண்டியில ரெண்டு கடிகாரத்துக்கு இடமில்ல."