இரண்டு விரக்கடை

அதைத்தான் சொல்கிறேன், விட்டம் உடையவில்லை. வளைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

போடிமெட்டுச் சரிவில் மாமாவின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். காலை மழையில் மேட்டு மண் சரிந்து கூரையில் உட்கார்ந்துவிட்டது. வாசலும் மூடிவிட்டது. உள்ளே நானும், காய் உலர்த்தும் ஜக்கையன் அண்ணனும்.

விட்டம் ஒரு பழைய தண்டவாளம். அது நடுவில் தொய்ந்து உலர்த்தும் இரும்பு அடுக்கின் தலையை அழுத்துகிறது. அடுக்கின் அடிச்சட்டம் என் வலது கால் மேல். அட்டைப்பூச்சிக்குப் பயந்து மாட்டிய மாமாவின் ரப்பர் பூட்ஸோடு கால் சிக்கிக்கிடக்கிறது. உருவ இரண்டு விரக்கடை, அதாவது இரண்டு விரல் அகலம், இடம் வேண்டும்.

"பொன்னுமணி ஆத்தா, மண்ண வெட்டித் தள்ளட்டுமா? மேட்டுல இன்னும் விரிசல் விட்டுக் கெடக்கு, வெரசா சொல்லு!" கூரையிலிருந்து கங்காணி வெள்ளைத்துரை.

எனக்கு, சிரிக்காதீர்கள், குஷியாக இருக்கிறது.

மதுரையில் என் எம்.இ. ஆராய்ச்சியே இதுதான். அதிகம் வளைந்த இரும்பு, பாரத்தை எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். மிச்சம் வளைந்தபடியே நிற்கும். எவ்வளவு நிமிரும்? கம்ப்யூட்டர் சொல்ல, ஒரு கட்டு அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பேன்.

"மதுரையிலயும் அட்டையா?" என்கிறார், நான் சொல்வதைக் கேட்ட ஜக்கையன்.

தொய்வைப் பார்த்துப் பாரத்தைக் கணித்து, கரித்துண்டால் சுவரில் கணக்குப் போட்டேன். மூன்று விரக்கடை நிமிரும்!

"தள்ளுங்கண்ணே!"

மண்வெட்டிகள் விழுகின்றன. விட்டம் முனகுகிறது.

"போன வருசமும் இது இப்பிடித்தான் வளைஞ்சுச்சு," ஜக்கையன் சாவகாசமாகச் சொல்கிறார். "கழட்டி, கூன் மேல வர்ற மாதிரி திருப்பி மாட்டுனோம்."

சுவர்க் கணக்கைத் திரும்பிப் பார்க்கிறேன்.

தொடக்க வளைவு என்ற இடத்தில் நான் எப்போதும் பூஜ்யம்தான் போடுவேன். சுவரிலும் அதுதான். ஆனால் ஒரு பக்கம் வளைந்த இரும்பு, மறுபக்கம் வளைக்கும்போது சீக்கிரம் இளகிவிடும். அப்படியென்றால் கொஞ்ச பாரத்துக்கே இவ்வளவு தொய்வு. நிமிர்வதும் கொஞ்சம்தான்.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"கூரையில மண்ணே இல்ல ஆத்தா! கால் வந்துருச்சா?"

சட்டத்துக்கும் பூட்ஸுக்கும் நடுவில் விரலை நுழைக்கிறேன். ஒரே ஒரு விரல்தான் போகிறது.

இழுக்கிறேன். வரவில்லை. மேலே எங்கோ ஒரு கல் உருள்கிறது.

ஜக்கையன் குனிந்து காலைப் பார்க்கிறார். இடுப்பிலிருந்து கத்தியை எடுக்கிறார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"கால இல்ல ஆத்தா. கணக்குல பூட்ஸுக்கு எத்தன விரக்கடை கழிச்ச?"

கழிக்கவே இல்லை.

கத்தி ரப்பரைக் கிழிக்கிறது. மேல்ரப்பரும் அடிரப்பரும் சேர்ந்தால் மிச்சம் வேண்டிய ஒரு விரக்கடை இருக்கும்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?